அரை நாளைக்கு 5 ரூபாய்: கொளத்தூர் முதல்வர் படைப்பகம்

குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறேன். வீடு வியாசர்பாடியில்; ஒரே அறை, நாலு பேர், ஒரு டிவி. முன்பு மாதக் கட்டணம் கட்டி ஒரு தனியார் படிப்பறைக்குப் போனேன். ஃபேனுக்கு நேர்கீழே உட்கார்ந்தால் தாள் பறக்கும்; தள்ளி உட்கார்ந்தால் வியர்வை சொட்டி மை ஊறிவிடும். மூன்றாம் மாதம் நின்றுவிட்டேன்.

அப்புறம் தோழி சொல்லித்தான் சென்னை கொளத்தூரில், அகரம் ஜெகநாதன் தெருவில் இருக்கும் முதல்வர் படைப்பகத்துக்கு வந்தேன்; படிக்கவும் லேப்டாப்பில் வேலை செய்யவும் மாநகராட்சி நடத்தும் இடம் இது. அரை நாள் படிக்க 5 ரூபாய். லேப்டாப் வேலைக்கு வருபவர்களுக்கு 50. வைஃபை, தேர்வுக்கான புத்தகங்கள் எல்லாம் உண்டு. படிக்கும் பகுதியில் 51 இருக்கைதான், அதனால் மாநகராட்சி இணையதளத்தில் முன்பதிவு செய்துவிட்டு வாருங்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது, சாப்பிடத் தனியாக இடம் இருப்பது. டிபன் பாக்ஸை எங்கே திறப்பது என்று ஒரு பெண் தவிக்க வேண்டாம். நேற்று பக்கத்தில் இருந்த அக்கா கருவாட்டுத் தொக்கில் ஒரு கரண்டி என் சோற்றில் போட்டார்.

மு.க.ஸ்டாலின் முதல்வராக 2024 நவம்பரில் இதைத் திறந்தார். 2011, 2016, 2021 மூன்று தேர்தலிலும் அவர் ஜெயித்த தொகுதி கொளத்தூர். "ஓட்டுக்காகத்தான் கட்டினார்" என்கிறார் அப்பா. இருக்கட்டும்பா, ஓட்டுக்காகக் கட்டினாலும் நாற்காலி நாற்காலிதான். என் வருத்தம் வேறு. நான் ஓட்டுப் போடுவது பெரம்பூர் தொகுதியில். தலைவர் நிற்கும் தொகுதிக்கு முதலில் கிடைக்கிற வசதிக்காக, பக்கத்துத் தொகுதிக்காரி தினமும் ஷேர் ஆட்டோ பிடிக்கிறேன். படிக்கிற செலவை விட ஆட்டோ செலவு அதிகம்.

ஒரு பயமும் இருக்கிறது: வேறு கட்சி ஆட்சி இதை மூடிவிடுமோ என்று. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தை 2010இல் கருணாநிதி திறந்தார். அடுத்த வருடமே ஆட்சிக்கு வந்த ஜெயலலிதா, அதைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக அறிவித்தார்; உயர் நீதிமன்றம்தான் தடுத்தது. ஆனால் ஜெயலலிதா 2013இல் தொடங்கிய அம்மா உணவகத்தை, 2021இல் வந்த தி.மு.க. அரசு மூடவில்லை. ஒரு ரூபாய் இட்லிக்குத் தினமும் தட்டு ஏந்தி நிற்கிறவர்களைப் பகைத்துக்கொள்ள எந்தக் கட்சிக்குத் துணிச்சல் வரும்? அதனால்தான் சொல்கிறேன், இங்கே ஒரு இருக்கைகூடக் காலியாகக் கிடக்க விடாதீர்கள். படிக்கிற தங்கை, தம்பி இருந்தால் கூட்டி வாருங்கள்.

என் மதிப்பெண் ஐந்துக்கு நாலரை. மீதி அரை, இதே மாதிரி ஒன்று வியாசர்பாடிக்கு வரும் அன்றைக்கு.