டெக்னிக்கல் கேமராவுடன் எட்டு வருடங்கள்: முதலில் லென்ஸ், கடைசியில் பாடி

நிலக்காட்சி எடுக்க டெக்னிக்கல் கேமரா வாங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: எந்த நிறுவனத்தின் பாடி, ஆல்பாவா, கேம்போவா, ஆர்கா ஸ்விஸ்ஸா? எட்டு வருடத்துக்கு முன்பு நானும் அங்கேதான் ஆரம்பித்தேன். பாடிகளை ஒப்பிட்டுப் பார்ப்பதிலேயே மூன்று மாதம் போனது. லென்ஸைப் பற்றி யோசித்தது கடைசி வாரத்தில். வரிசையே தலைகீழ் என்று பிறகுதான் தெரிந்தது. இந்த வகைக் கேமராவில் பாடி என்பது லென்ஸையும் டிஜிட்டல் பேக்கையும் (சென்சார் உள்ள பின்பகுதி) பிசகாமல் இணையாகப் பிடித்து, வேண்டிய அளவு நகர்த்தித் தரும் சட்டகம். உண்மையில் எவ்வளவு நகர்த்தலாம் என்பதைத் தீர்மானிப்பது லென்ஸின் பிம்ப வட்டம், அதாவது லென்ஸ் பின்னால் விழவைக்கும் வட்டமான பிம்பத்தின் விட்டம்.

ஒரு சின்னக் கணக்கு. இப்போது நான் வைத்திருக்கும் 150 மெகாபிக்சல் பேக்கின் சென்சார் 53.4 × 40 மி.மீ. மூலைக்கு மூலை சுமார் 67 மி.மீ. ரோடன்ஸ்டாக் டிகாரான்-டபிள்யூ வரிசையில் 32, 40 மி.மீ. லென்ஸ்களின் பிம்ப வட்டம் 90 மி.மீ. சென்சாரைப் படுக்கைவாட்டில் வைத்தால் மேல் கீழாக 16 மி.மீ., பக்கவாட்டில் 13 மி.மீ. நகர்த்த இடம் இருக்கிறது. அதே நிறுவனத்தின் 23 மி.மீ. லென்ஸுக்கு வட்டம் 70 மி.மீ. மட்டுமே. அங்கே 3 மி.மீ. கூடக் கிடைக்காது. 'அகலமாகத் தெரிகிறதே' என்று நான் முதலில் வாங்கியது அந்த 23-ஐத்தான். அருமையான லென்ஸ், ஆனால் இந்த சென்சார் அளவுக்கு அது நகராத லென்ஸ். ஒரு வருடத்தில் விற்றுவிட்டேன். இதே லென்ஸை 44 × 33 சென்சாரில் பொருத்தினால் கிட்டத்தட்ட 11 மி.மீ. ஏற்றலாம். அதனால் சிறிய சென்சாரைக் குறைவாக நினைக்க வேண்டாம். சிலருக்கு அதுதான் சரியான தேர்வு.

அடுத்தது நிறச் சாயம். ஆரம்பத்தில் என்னிடம் இருந்தது 80 மெகாபிக்சல் சிசிடி (பழைய வகைச் சென்சார்) பேக். கூடவே உள்ளங்கையில் அடங்கும் ஒரு 35 மி.மீ. லென்ஸ், சமச்சீர் வடிவமைப்பு. மலையேற அதைவிட எடை குறைந்த துணை இல்லை. ஆனால் அப்படிப்பட்ட லென்ஸில் ஒளி சென்சாரின் ஓரங்களில் மிகவும் சாய்ந்து விழும். கொஞ்சம் நகர்த்தினாலே வானத்தின் ஒரு பக்கம் பச்சையாகவும் மறுபக்கம் ஊதாவாகவும் மாறிவிடும். ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் லென்ஸ் முன்னால் வெள்ளைத் தகட்டைப் பிடித்து இன்னொரு படம் எடுத்து, அதை வைத்துப் பிறகு கேப்சர் ஒன் மென்பொருளில் திருத்துவேன். சாயம் பெரும்பாலும் போய்விடும். ஓரத்தில் சேரும் இரைச்சல் மட்டும் போகாது. பின்பக்க ஒளியூட்டல் கொண்ட புதிய சென்சார் வந்த பிறகு இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் வெள்ளைத் தகடு இன்னும் பையில்தான் இருக்கிறது. தூசிப் புள்ளிகளுக்கும் ஓர இருட்டுக்கும் அது வேண்டும்.

பாடி வித்தியாசப்படுவது டில்ட்டில், அதாவது லென்ஸைச் சாய்க்கும் வசதியில்தான். இதற்குக் கொஞ்சம் நேரம் செலவழித்து யோசியுங்கள். என் பேக்கின் 3.76 மைக்ரான் பிக்சலில் அபர்ச்சரை எஃப்/11 தாண்டி மூடினாலே கூர்மை மெல்லக் குறைகிறது, எஃப்/16-இல் அது கண்ணுக்கே தெரிகிறது. காலடிப் பாறையும் தூரத்து மலையும் ஒருசேரக் கூர்மையாக வேண்டுமென்றால் அபர்ச்சரை மூடிக்கொண்டே போக முடியாது, லென்ஸைச் சாய்க்க வேண்டும். அப்போது கூர்மையாகத் தெரியும் தளம் தரையோடு படுத்துக்கொள்ளும். 1904-இல் ஆஸ்திரிய ராணுவ அதிகாரி ஷைம்ஃப்ளூக் காப்புரிமை எடுத்த அதே வடிவியல். குவியத் தூரத்தைக் கேமரா நிற்கும் உயரத்தால் வகுத்தால் சாய்வுக் கோணத்தின் சைன் கிடைக்கும். 40 மி.மீ. லென்ஸ், தரையிலிருந்து 1.5 மீட்டர் என்றால் ஒன்றரை டிகிரி போதும். இவ்வளவு சிறிய கோணம் என்பதால்தான் திருகின் துல்லியம் முக்கியமாகிறது. ஆர்காவின் ஆர்எம்3டிஐ-யில் டில்ட் பாடியிலேயே இருக்கிறது, எல்லா லென்ஸுக்கும் பொது. கேம்போவில் லென்ஸ் பலகையோடு வருகிறது, ஆகவே வாங்கும்போதே டில்ட் உள்ள பலகையாகக் கேட்டு வாங்க வேண்டும். ஆல்பாவில் இடையில் ஒரு அடாப்டர். நான் கேம்போவில் நின்றதற்குக் காரணம், நகர்வது பேக் பக்கம், லென்ஸ் அசைவதில்லை. அதனால் இடமும் வலமும் நகர்த்தி எடுத்த இரண்டு படங்கள் முன்னணிப் பொருள்கள் விலகாமல் அப்படியே ஒட்டிக்கொள்கின்றன. 40 மி.மீ. லென்ஸில் இப்படி ஏறக்குறைய 80 × 40 மி.மீ. சட்டகம் கிடைக்கிறது. என் நல்ல படங்களில் பாதி இந்த வடிவம்தான்.

ஆனால் டில்ட் எல்லாவற்றுக்கும் மருந்து இல்லை. அருகிலேயே உயரமான மரம் நின்றால் அதன் உச்சி மங்கிவிடும். அந்த மாதிரி இடங்களில் டில்ட்டைப் பூஜ்யத்தில் விட்டு, குவியத்தை மாற்றி மாற்றி மூன்று நான்கு படம் எடுத்துச் சேர்க்கிறேன். ஒருமுறை முந்தைய நாளின் அரை டிகிரிச் சாய்வு அப்படியே இருந்ததைக் கவனிக்காமல் ஒரு விடியற்காலை முழுக்க எடுத்தேன். திரும்பக் கிடைக்காத பனி அது. இன்றும் நினைத்தால் வலிக்கிறது. இப்போது பையை மூடுமுன் எல்லாக் குமிழும் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது பழக்கம்.

குவியத்துக்கு முதலில் லேசர் தூரமானிதான் வைத்திருந்தேன். பேக்கின் திரையில் காட்சியை நேரடியாகப் பார்க்கும் லைவ் வியூ வந்த பிறகு அது இருட்டில் மட்டும் உதவுகிறது. ஷட்டர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: பழைய லென்ஸ்களோடு வந்த கோப்பல் என்ற இயந்திர ஷட்டர்களின் தயாரிப்பு நின்றுவிட்டது, பழைய லென்ஸ் வாங்கினால் மெதுவான வேகங்களைக் காதால் கேட்டுச் சோதியுங்கள். பேக்கின் மின்னணு ஷட்டர் சத்தமில்லாதது, அதிர்வில்லாதது. ஆனால் சென்சார் வரிவரியாகப் படிப்பதால் காற்றில் ஆடும் இலைகளை வளைத்துவிடும்.

இப்போது பையில் 40, 70 என்று இரண்டே லென்ஸ். 70-இன் வட்டம் 100 மி.மீ., நகர்த்தக் கை தயங்குவதே இல்லை. நீங்கள் வாங்குமுன் ஒருநாள் வாடகைக்கு எடுத்து, குளிரில், கையுறையோடு, விடியுமுன் அந்தத் திருகுகளைத் திருப்பிப் பாருங்கள். எந்தப் பாடி என்ற கேள்விக்கு அங்கே உங்கள் விரல்களே பதில் சொல்லும்.