தகாவோவா, மிதாகேவா?

டோக்கியோவிலிருந்து ஒரே நாளில் மலை பார்த்துத் திரும்ப எல்லோரும் முதலில் சொல்வது தகாவோ. 599 மீட்டர்தான். டோக்கியோவின் ஷின்ஜுகு நிலையத்தில் கேயோ ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் அடிவாரம். வானம் தெளிவாக இருந்தால் உச்சியிலிருந்து ஃபுஜி தெரியும். ஆனால் இலைகள் சிவக்கும் நவம்பரில் கேபிள் காருக்கே நீண்ட வரிசை.

மிதாகே 929 மீட்டர். ரயில், பேருந்து, கேபிள் கார் என்று மாறிப் போக இரண்டு மணி நேரம் ஆகிவிடும். சரி, அலைச்சல்தான். ஆனால் மேலே ஒரு கிராமமே இருக்கிறது. மலைமேல் உள்ள கோயிலுக்கு வருபவர்கள் தங்கும் பழைய வீடுகள், ஒன்றிரண்டில் இன்னும் வேய்ந்த கூரை. அதைத் தாண்டி ஓடைப் பள்ளத்தில் இறங்கினால் பாறைக்குப் பாறை பச்சைப் பாசி, கூடவே தண்ணீர்ச் சத்தம். முழு நாள் கையில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், மிதாகேதான். முடிந்தால் ஓர் இரவு அங்கேயே தங்குங்கள்.