டெஸ்டர்ஸ் எஃப்-19: யாரும் கண்டிராத போர் விமானத்தின் 1/48 மாடல்

அமெரிக்கப் படைகளின் போர் விமான எண்வரிசையில் எஃப்-18 உண்டு, எஃப்-20 உண்டு. இடையில் வந்திருக்க வேண்டிய எஃப்-19 மட்டும் இல்லை. ரேடாருக்குத் தென்படாத ஏதோ ஒரு விமானம் நெவாடா பாலைவனத்தில் இரவு நேரங்களில் பறக்கிறது என்ற பேச்சு 1980-களின் முற்பகுதியிலேயே பரவிவிட்டதால், விடுபட்ட அந்த எண் அதற்குரியதுதான் என்று விமான ஆர்வலர்கள் பலரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்கு 1986-ஆம் ஆண்டு பிளாஸ்டிக்கில் உருவம் கொடுத்தது அமெரிக்காவின் டெஸ்டர்ஸ் நிறுவனம். இன்று பழைய பெட்டிகளாக மட்டுமே கைமாறும் அந்த 1/48 அளவு (அசலில் 48-இல் ஒரு பங்கு) கிட்டை, அதாவது ஒட்டிச் செய்யும் பாகங்களின் தொகுப்பை, செய்து, வண்ணம் பூசி முடித்தவன் என்ற முறையில், அதை வாங்கலாமா, வாங்கினால் எப்படி அணுக வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

இந்த மாடலை வடிவமைத்தவர் ஜான் ஆண்ட்ரூஸ். ரகசிய விமானங்களைப் பற்றி வெளிப்படையாகக் கிடைக்கும் செய்திகளைத் திரட்டி, அவற்றிலிருந்து ஒரு விமானத்தின் தோற்றத்தை ஊகித்து வரைவதில் அவருக்குப் பல்லாண்டு அனுபவம் இருந்தது. அமெரிக்க விமானத் தயாரிப்பு நிறுவனமான லாக்ஹீட், ரேடார் எதிரொலியைக் குறைக்கும் முயற்சியை எஸ்ஆர்-71 உளவு விமானத்திலேயே மேற்கொண்டிருந்தது என்பது அப்போது தெரிந்த செய்தி: உடலும் இறக்கையும் ஒன்றோடொன்று குழைந்து சேரும் விளிம்புகள், உள்நோக்கிச் சாய்ந்த இரட்டை வால் துடுப்புகள், கருமையான பூச்சு ஆகியவற்றை அதில் எவரும் பார்க்கலாம். அந்த மரபை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுசென்றால் என்ன வரும் என்ற கேள்விக்கு விடையாகத்தான் எஃப்-19 உருவாகியிருக்கிறது. வளைவுகளால் ஆன தட்டையான உடல், கூர்மையான மூலை எதுவும் இல்லாத ஓரங்கள், உட்புறம் சாய்ந்த இரண்டு சிறு துடுப்புகள் என்று, பார்த்த மாத்திரத்தில் எஸ்ஆர்-71 குடும்பத்தின் இளைய பிள்ளை என்று சொல்லிவிடலாம். கற்பனை விமானம் என்றாலும் மனம்போனபடி வரைந்த கற்பனை அல்ல. ஒவ்வொரு வளைவுக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. இந்தக் கிட்டை நான் மதிப்பதற்கு முதல் காரணம் அதுவே.

அது வெளிவந்த காலமும் அதற்கு ஒரு கனத்தைச் சேர்த்தது. 1986 ஜூலை 11 அன்று கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டு நகருக்கு அருகே ஒரு ராணுவ விமானம் மலைச்சரிவில் மோதி நொறுங்கியது, விமானி உயிரிழந்தார். விமானத்தின் பெயரைக்கூடச் சொல்லாமல் விமானப் படை அந்தப் பகுதி முழுவதையும் அடைத்துவிட்டது. அதே ஆண்டு, லாக்ஹீடில் ரகசிய ஆவணங்கள் கணக்கில் வராமல் போனது குறித்து அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று விசாரித்தபோது, மக்கள் பிரதிநிதிகளுக்கே காட்டப்படாத விமானம் கடைகளில் பெட்டியில் போட்டு விற்கப்படுகிறதே என்று இந்த மாடலைச் சுட்டிக் கேள்வி எழுந்தது. அதைவிடப் பெரிய விளம்பரம் ஒரு பொம்மைப் பெட்டிக்குக் கிடைக்க முடியாது; கிட் அமோகமாக விற்றது.

பிறகு 1988 நவம்பர் 10 அன்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தெளிவில்லாத ஒரு புகைப்படத்தை வெளியிட்டு, அந்த ரகசிய விமானத்தின் பெயர் எஃப்-117 என்று அறிவித்தது. வளைவே இல்லை, வைரம் பட்டை தீட்டியது போலத் தட்டையான முகங்கள் மட்டுமே இருந்தன. துடுப்புகள் உள்நோக்கி அல்ல, வெளிநோக்கி விரிந்து ஆங்கில வி எழுத்தைப் போல நின்றன. அன்றிலிருந்து இன்றுவரை எஃப்-19 கிட்டைப் பற்றிப் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் அது தவறிப்போன ஊகம் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை.

எஃப்-117 பட்டை பட்டையாக அமைந்ததற்குக் காரணம் இயற்பியல் மட்டும் அல்ல, அந்தக் காலத்துக் கணினியும்தான். சோவியத் இயற்பியலாளர் பியோத்தர் உஃபிம்ட்சேவ் 1960-களில் வெளியிட்ட ஆய்வின் அடிப்படையில், லாக்ஹீட் பொறியாளர்கள் 1970-களின் நடுவில் எக்கோ என்ற கணினி நிரலை எழுதினார்கள். ஒரு வடிவத்தின் மேல் பட்டு ரேடார் அலை எவ்வளவு திரும்பும் என்பதை அது கணக்கிட்டது. ஆனால் அன்றைய கணினியின் திறனுக்குத் தட்டையான முகங்களைக் கணக்கிடுவதே எல்லையாக இருந்தது. வளைவு ரேடாருக்கு ஒளிய முடியாது என்பதல்ல, வளைவை அன்று கணக்கிட முடியவில்லை என்பதே உண்மை. எஃப்-117 படம் வெளியான இரண்டு வாரங்களுக்குள், நவம்பர் 22 அன்று, பாம்டேல் நகரில் ரேடாருக்கு ஒளியும் பி-2 குண்டுவீச்சு விமானம் வெளியே கொண்டுவரப்பட்டபோது, அது முழுக்க முழுக்க வளைவுகளால் ஆனதாக இருந்தது. ஆகவே ஆண்ட்ரூஸின் விமானம் எஃப்-117 அல்ல என்பது சரி. அப்படி ஒரு விமானம் இருக்கவே முடியாது என்பது சரியல்ல. இந்தக் கிட்டை எஃப்-117-இன் பிழையான நகலாக எண்ணிச் செய்கிறவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். 1986-இல் வெளியிலிருந்த ஒரு கூர்மையான மூளை எதுவரை சிந்திக்க முடிந்தது என்பதன் பதிவாக எண்ணிச் செய்கிறவருக்கு அது நிறைவைத் தரும்.

இனி பெட்டிக்குள் வருவோம். கறுப்பு நிறப் பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்ட பாகங்கள், எண்ணிக்கை அதிகமில்லை. இன்றைய ஜப்பானிய, சீனக் கிட்டுகளின் நுணுக்கத்தை எதிர்பார்த்துத் திறக்கக் கூடாது. விமானி அறை அந்தக் காலத்துக்கு ஏற்ற எளிமையோடு இருக்கிறது. கண்ணாடிக் கூண்டை மூடிவைக்கப் போகிறவருக்கு அது போதும், திறந்துவைக்க விரும்புகிறவர் இருக்கைப் பட்டைகளையும் பக்கவாட்டுப் பலகைகளையும் தாமே செய்து சேர்க்க வேண்டும். அப்படிச் செய்வதில் ஒரு தனி இன்பம் உண்டு. உண்மையான விமானமாக இருந்தால் ஒவ்வொரு பொத்தானுக்கும் புகைப்படம் தேட வேண்டியிருக்கும். இங்கே 1980-களின் அமெரிக்கப் போர் விமானங்களில் வழக்கமாக இருந்த இரண்டு திரைகள், விமானியின் கண்ணெதிரே ஒரு காட்சிக் கண்ணாடி என்று காலத்துக்குப் பொருந்தும்படி எதை வைத்தாலும் அது நியாயமே.

உண்மையான உழைப்பு ஓரங்களில்தான். வழக்கமான விமான மாடலில் மேல் பாதியும் கீழ் பாதியும் சேரும் இடத்தில் சிறு கோடு தெரிந்தாலும் அதை ஒரு பேனல் கோடாக, அதாவது தகடுகள் சேரும் கோடாக, கண் ஏற்றுக்கொள்ளும். மேலிருந்து கீழ்வரை ஒரே வளைவாக வழிந்து ஓட வேண்டிய இந்த உடலில், இணைப்பு எங்கேனும் தெரிந்தால் வடிவத்தின் தர்க்கமே உடைந்துவிடும். பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டும் மெல்லிய சிமென்ட்டைத் தூரிகையால் ஓடவிட்டு, உருகிய பிளாஸ்டிக் சற்றே பிதுங்கி வரும்வரை அழுத்திப் பிடித்து, ஓரிரு நாள் காயவிட்ட பிறகு உப்புத்தாளால் தேய்ப்பது நல்லது. 400 எண் தாளில் தொடங்கி 600, 1000 என்று மென்மையான தாள்களுக்குப் போகும்போது தாளைத் தட்டையான கட்டையில் சுற்றித் தேய்த்தால் வளைவு தட்டையாகிவிடும்; மென்மையான பஞ்சுப் பட்டையில் சுற்றிக்கொள்ள வேண்டும். பள்ளம் விழுந்த இடங்களுக்கு மிஸ்டர் சர்ஃபேசர் 500 என்ற நிரப்புப் பூச்சு போதுமானது. கறுப்புப் பிளாஸ்டிக்கில் குறைகள் கண்ணுக்குத் தெரியாது என்பதால், பிரைமர் எனும் சாம்பல் நிற அடிப்பூச்சை ஒருமுறை பூசிச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்து, திருத்தி, மீண்டும் பூசுவதைத் தவிர வேறு வழியில்லை. மூக்குச் சக்கரத்தில் நிற்க வேண்டிய விமானம் என்பதால், உடலை மூடும் முன் மூக்குப் பகுதியில் எடை வைத்துச் சோதித்துக்கொள்வது அவசியம்.

வண்ணத்தைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மாடல் உயிர்பெறுவதும் செத்துப்போவதும் அங்கேதான். இது கறுப்பு விமானம். ஆனால் தூய கறுப்பை, டாமியா நிறுவன வண்ண வரிசையின் எக்ஸ்எஃப்-1 போன்ற ஒன்றை, அப்படியே அடித்தால் கையில் இருப்பது ஒரு நிழலாகிவிடும். எஃப்-117 மாடலில் இந்தச் சிக்கல் அவ்வளவு இல்லை; அதன் ஒவ்வொரு பட்டையும் வெளிச்சத்தை வெவ்வேறு கோணத்தில் வாங்குவதால், ஒரே கறுப்பைப் பூசினாலும் வடிவம் தானாகப் பிரிந்து தெரியும். எஃப்-19-இன் வளைவுக்கு அந்த உதவி கிடையாது. ஒளி எங்கே விழுகிறது, எங்கே விலகுகிறது என்பதைப் பூசுகிறவரே படிப்படியாகச் சொல்லியாக வேண்டும்.

நான் அடித்தளமாக வைத்தது அதே வரிசையில் கறுப்புக்கு ஒரு படி வெளுத்த எக்ஸ்எஃப்-69 நேட்டோ பிளாக். அதன் மேல், உடலின் முதுகிலும் இறக்கைகளின் மேற்புறத்திலும், எக்ஸ்எஃப்-63 ஜெர்மன் கிரேயை எக்ஸ்-20ஏ தின்னரில் மிகவும் நீர்க்கக் கலந்து, காற்றழுத்தத்தால் வண்ணம் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷில் பனி படிவது போல மெல்லிய படலங்களாக ஏற்றினேன். ஒரு படலம் பூசியதும் எதுவும் மாறாதது போலத் தோன்றும். நான்காவது, ஐந்தாவது படலத்தில் முதுகின் திரட்சி எழுந்து வரும். அங்கே நிறுத்திவிட வேண்டும். அடிவயிற்றை அடித்தள நிறத்திலேயே விட்டதால், பக்கத்திலிருந்து பார்க்கும்போது விமானம் இருக்கும் தடிமனைவிட மெலிந்து தெரிகிறது; தாழ்ந்து பதுங்கிச் செல்வதற்காக வடிவமைக்கப்பட்ட ஒன்றுக்கு அது பொருத்தம் என்றே கருதுகிறேன்.

இறக்கையின் முன்விளிம்புகளுக்கு வேறொரு கறுப்பு வேண்டும். ரேடார் அலையை உறிஞ்சும் பொருள் ஓரங்களில் அதிகமாகப் பதிக்கப்பட்டிருக்கும் என்பது அன்றைய ஊகங்களில் முக்கியமானது. அந்தப் பொருளின் நிறம் மற்ற பரப்பிலிருந்து சற்றே மாறுபடுவது இயல்பு. விளிம்பின் வளைவோடு கூடவே வளையும்படி வினைல் மாஸ்கிங் டேப்பை ஒரே அகலத்தில் ஒட்டி, எக்ஸ்எஃப்-85 ரப்பர் பிளாக்கைப் பூசினேன். தூரத்திலிருந்து வேறுபாடு தெரியாது. கைக்கெட்டும் தொலைவில் வந்ததும் தெரியும். கற்பனை விமானத்துக்கு நம்பகத்தன்மை வருவது இத்தகைய காரணமுள்ள சிறு வேறுபாடுகளால்தான், பேனல் கோடுகளில் கறுப்பு மையை ஓடவிடுவதால் அல்ல. அழுக்கும் தேய்மானமும் இதற்கு அறவே பொருந்தாது: மூடிய கொட்டகையில் தங்கி, இரவில் மட்டும் வெளியே வருவதாக நம்பப்பட்ட ஒரு விமானம் வெயிலில் வெளுத்திருக்க வாய்ப்பில்லை.

கறுப்புதான் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு. உண்மையான எஃப்-117-இன் முதல் விமானம் 1981 ஜூன் 18 அன்று முதன்முதலாகப் பறந்தபோது கறுப்பாக இல்லை. பாலைவன நிறங்களில் உருமறைப்புப் பூசப்பட்டிருந்தது. சோதனைக் கட்டத்தில் இருக்கும் எஃப்-19 என்று எண்ணிக்கொண்டு மணல் நிறமும் பழுப்பும் கலந்து பூசினால், இந்த உடலின் வளைவுகள் கறுப்பில் தெரிவதைவிட நன்றாகவே தெரியும்.

டெகால்களை, அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னங்களையும் எழுத்துகளையும், பொறுத்தவரை, நாற்பதாண்டுப் பழைய தாளை அப்படியே தண்ணீரில் போடக் கூடாது. முதலில் தேவையற்ற ஓர் எழுத்தை வெட்டிச் சோதித்துப் பார்க்க வேண்டும்; அது துண்டுதுண்டாகப் பிரிந்தால், டெகாலுக்கென விற்கும் திரவப் படலத்தையோ எக்ஸ்-22 கிளியர் என்ற நிறமற்ற பூச்சையோ தாள் முழுவதும் பூசிக் காயவைத்த பிறகு பயன்படுத்தலாம். மஞ்சளேறிய தாளைச் சன்னல் கண்ணாடியில் வெயில் படும்படி சில நாள் ஒட்டிவைத்தால் ஓரளவு வெளுக்கும். மாடலின் மேல் பளபளப்பான கிளியர் பூசிய பின்னரே டெகால் ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் கறுப்புப் பரப்பில் அதன் ஓரப் படலம் வெள்ளி போல மின்னும். கடைசியாக எக்ஸ்-35 அரைப்பளபளப்புக் கிளியரைப் பூசினேன். முழு மங்கலான பூச்சு வளைவுகளை மீண்டும் விழுங்கிவிடுகிறது. சென்னை போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்கள் மழைக்காலத்தில் லாக்கர் வகைக் கிளியரைத் தவிர்ப்பது நல்லது. காற்றின் ஈரத்தில் அது வெண்மை பூத்துவிடும், கறுப்பில் அதை மறைக்கவே முடியாது.

இதே நிறுவனம் 1987-இல் மிக்-37 என்ற பெயரில் ஒரு கற்பனை சோவியத் விமானத்தையும் வெளியிட்டது. அது பட்டை பட்டையான உடலோடு வந்தது. அமெரிக்காவின் உண்மையான ரகசியத்துக்கு எஃப்-19-ஐவிட அதுவே நெருக்கமாக இருந்தது என்பது ஓராண்டுக்குப் பிறகுதான் வெளிச்சத்துக்கு வந்தது. இரண்டையும் ஒரே அளவில் செய்து பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால், ரேடாரை ஏமாற்றுவதற்கான இரண்டு சிந்தனைகளும் ஒரே அலமாரியில் தெரியும். இடமும் பொறுமையும் உள்ளவர்கள் அப்படிச் செய்வதையே நான் பரிந்துரைப்பேன்.

புதிதாக மாடல் செய்யத் தொடங்குகிறவருக்கு இந்தக் கிட் ஏற்றதல்ல; பாகங்கள் குறைவு என்றாலும் ஓரங்களைச் சீராக்கும் கைப்பழக்கம் இல்லாமல் இதன் அழகை வெளிக்கொணர முடியாது. ஏற்கெனவே சில விமானங்கள் செய்தவர்கள் தயங்காமல் வாங்கலாம். டெஸ்டர்ஸ் பெட்டி கிடைக்காவிட்டால் இத்தாலியின் இத்தாலேரி நிறுவனப் பெயரில் வந்த எஃப்-19 பெட்டிகளையும் தேடிப் பார்க்கலாம். அளவு 1/48-தானா என்று பெட்டியின் மேல் பார்த்துக்கொள்ள வேண்டும். விற்பவரிடம் கண்ணாடிக் கூண்டின் படத்தைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். மற்ற எந்தப் பாகம் உடைந்திருந்தாலும் பிளாஸ்டிக் தகட்டில் செய்துகொள்ளலாம், கீறலோ விரிசலோ விழுந்த கூண்டுக்கு மாற்றுத் தேடுவது கடினம்.