ஸ்டோரிவீவர்: தமிழ்வழி வகுப்பில் ஆங்கிலம் கற்பிப்போருக்கு ஒரு கதைத்தளம்

ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியருக்கு இணையத்தில் துணைக்குப் பஞ்சமில்லை. பிரிட்டிஷ் கவுன்சிலின் டீச்சிங் இங்கிலீஷ் தளம் பாடக்குறிப்புகளையும் ஆசிரியர் பயிற்சிகளையும் தருகிறது; பிபிசி லேர்னிங் இங்கிலீஷ் தளத்தில் கேட்டுப் பழக ஒலிப்பதிவுகள் நிறைய உள்ளன. இரண்டும் தரமானவை. ஆனால் முன்னது பெரிதும் ஆசிரியருக்கானது. பின்னது ஓரளவு ஆங்கிலம் தெரிந்த பெரியவர்களை மனத்தில் வைத்தது. வீட்டிலும் தெருவிலும் ஆங்கிலம் காதில் விழாத மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் கையில் கொடுப்பதற்கு எது இருக்கிறது என்று கேட்டால், நான் முதலில் பரிந்துரைப்பது ஸ்டோரிவீவர் தளத்தைத்தான்.

பெங்களூரைச் சேர்ந்த, இலாப நோக்கற்ற பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015இல் இதைத் தொடங்கியது. படக்கதைகள் பல மொழிகளில், நான்கு வாசிப்பு நிலைகளில் பிரிக்கப்பட்டுள்ளன. முதல் நிலைக் கதைகள் 250 சொற்களுக்குள் முடிந்துவிடும். சொற்கள் திரும்பத் திரும்ப வரும். நான்காம் நிலையில் கதைகள் 1500 சொற்களைத் தாண்டும். ஒரே வகுப்பில் எழுத்துக்கூட்டும் பிள்ளையும் சரளமாகப் படிக்கும் பிள்ளையும் சேர்ந்து அமர்ந்திருப்பது நமக்குப் பழகிய நிலைமை. தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துப் பழகிய ஆசிரியர்களுக்கு இந்த நிலைப் பிரிவு உடனே பிடிபடும்.

இத்தளத்தின் உண்மையான பலம், பல கதைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் அதே படங்களோடு கிடைப்பதுதான். முதலில் படங்களை மட்டும் காட்டி, என்ன நடக்கிறது என்று பிள்ளைகளைத் தமிழில் பேசவிடலாம். பிறகு தமிழ்க் கதையை வாசித்துவிட்டு, அடுத்த நாள் அதே படங்களின் கீழே உள்ள ஆங்கில வரிகளுக்கு வரலாம். கதை ஏற்கெனவே தெரிந்திருப்பதால், பிள்ளை பொருளைத் தேடித் திணறாமல் சொல்லின் மீதும் வாக்கிய அமைப்பின் மீதும் கவனம் வைக்க முடிகிறது. ஆங்கில வகுப்பில் தமிழ் பேசக் கூடாது என்று கண்டிப்புக் காட்டும் பள்ளிகள் இதை ஏற்கத் தயங்கலாம். தாய்மொழியில் புரிந்துகொண்ட ஒன்றின் வழியாகவே சிறு பிள்ளை இன்னொரு மொழிக்குள் அச்சமின்றி நுழைகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. மேலும், ஆங்கிலக் கதையிலும் சேலை உடுத்திய பாட்டியும் ஆட்டோவும் சந்தையும் வருவதால், பனிமனிதனையும் ஓக் மரத்தையும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டிய தொல்லை குறைகிறது.

அடுத்த சிறப்பு உரிமம் தொடர்பானது. கதைகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழ் வெளியாகின்றன. எழுதியவர், வரைந்தவர் பெயர்களை உரியபடி குறிப்பிட்டால் போதும். பிடிஎஃப் கோப்பாகப் பதிவிறக்கலாம், அச்சிடலாம், நகலெடுத்து வழங்கலாம், நாடகமாக்கலாம். கதையை மொழிபெயர்க்கவும், எளிமையாக்கி வேறொரு நிலைக்கு மாற்றி எழுதவும் தளத்திலேயே வசதி உண்டு. தளத்திலுள்ள படங்களைத் தேர்ந்தெடுத்துப் புதுக் கதையும் எழுதலாம். பாடப்புத்தகத்தில் இந்த வாரம் இறந்தகால வினைகள் வருகின்றன என்றால், அந்த வினைகளையே வைத்துப் பத்து வரியில் ஒரு படக்கதையை ஆசிரியர் தாமே உருவாக்கிவிட முடியும். இவ்வளவு உரிமையை ஆசிரியரின் கையில் கொடுக்கும் தளங்கள் மிகக் குறைவு.

சில கதைகளில் ஒலியோடு சேர்ந்து வாசிக்கும் வசதி உள்ளது. குரல் சொல்லச் சொல்ல, திரையில் அந்தந்தச் சொல் நிறம் மாறிக் காட்டும். தம் உச்சரிப்பைப் பற்றித் தயக்கமுள்ள ஆசிரியர்களுக்கு இது பெரிய துணை. ஆனால் எல்லாக் கதைகளுக்கும் ஒலி கிடையாது என்பதால், பாடத்தைத் திட்டமிடும்போதே ஒலியுள்ள கதைகளைத் தனியே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். யார் வேண்டுமானாலும் மொழிபெயர்த்து வெளியிடலாம் என்பதால் தரம் சீராக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே, பதிப்பகம் வெளியிட்ட கதைகளை மட்டும் வடிகட்டித் தேடுவது நல்லது. வகுப்புக்கு எடுத்துச்செல்லும் முன் இரு மொழி வடிவங்களையும் ஆசிரியர் ஒரு முறை முழுதாகப் படித்துவிடுவது இன்னும் நல்லது. எழுத்தொலிகளைப் படிப்படியாகக் கற்பிக்கும் வரிசை இத்தளத்தின் நோக்கம் அல்ல. எழுத்தே தெரியாத பிள்ளைக்கு இக்கதைகள் மட்டும் போதா. ஒலிப்பயிற்சிக்கு வேறு பாடப்பொருள் தேவைப்படும். தேர்வு நோக்கிலான இலக்கணப் பயிற்சியைத் தேடுவோருக்கும் இங்கே அதிகம் கிடைக்காது.

இணைய இணைப்பு சரியில்லாத பள்ளிகளுக்கு என் பரிந்துரை இதுதான்: ஒரு பருவத்துக்கு வேண்டிய கதைகளை நல்ல இணைப்புள்ள இடத்தில் பதிவிறக்கிக்கொண்டு, முதல் இரு நிலைக் கதைகளை அச்சிட்டுத் தைத்து வகுப்பு நூலகத்தில் வைத்துவிட வேண்டும். மேல்நிலைக் கதைகளுக்கு ஸ்மார்ட் வகுப்பறைத் திரையே போதும். வண்ண அச்சுக்குச் செலவாகும்; கறுப்பு வெள்ளையில் எடுத்தாலும் பெரும்பாலான படங்கள் தெளிவாகவே இருக்கும். கடைசிப் பக்கத்தில் உள்ள எழுத்தாளர், ஓவியர் விவரங்களை மட்டும் வெட்டிவிடாமல் சேர்த்தே தைக்க வேண்டும்.