லாஸ்ட் மைன் ஆஃப் ஃபேண்டெல்வர்: புது ஆட்களோடு பல வருடம் ஆடிய பிறகு

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கேரக்டராகப் பகடை உருட்டிக் கதை நகர்த்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் புதிதாக ஆட வருகிறவர்களுக்கு முதல் கதையாக எதை எடுக்கலாம் என்று யார் கேட்டாலும் நான் இன்றும் சொல்வது லாஸ்ட் மைன் ஆஃப் ஃபேண்டெல்வர்தான். 2014-இல் ஐந்தாம் பதிப்பின் ஸ்டார்ட்டர் செட்டோடு வந்தது. 32 பக்க விதிப் புத்தகம், 64 பக்கக் கதைப் புத்தகம், முன்கூட்டியே எழுதி வைத்த ஐந்து கேரக்டர்கள், ஆறு பகடைகள், பெட்டியில் அவ்வளவுதான். கேரக்டர்கள் பலம் கூடக்கூட ஏறும் படிதான் லெவல், இந்தக் கதை லெவல் 1-இல் தொடங்கி 5 வரை போகும். அது வந்த காலத்திலிருந்து வெவ்வேறு ஆட்களுக்கு டிஎம்மாக, அதாவது கதையை நடத்துகிறவராக, உட்கார்ந்து இதை நடத்திவருகிறேன். நடுவில் வேறு தொடக்கக் கதைகளும் நடத்திப் பார்த்தாயிற்று, ஆனாலும் புது ஆள் வந்தால் கை இதைத்தான் எடுக்கிறது.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது முதல் சண்டையிலேயே இருக்கிறது. குண்ட்ரென் ராக்சீக்கர் என்ற ட்வார்ஃப் (குள்ளர் இனத்தவர்), ஒரு வண்டிச் சாமானை ஃபேண்டலின் என்ற சின்ன ஊருக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டு முன்னால் போய்விடுகிறார். வழியில் அம்பு தைத்து இரண்டு குதிரைகள் செத்துக் கிடக்கின்றன, பக்கத்துப் புதர்களில் கோப்ளின்கள் எனும் குட்டிப் பூதங்கள் நான்கு. ஒரு அம்பு பட்டால் ஹிட் பாயிண்டில், அதாவது கேரக்டரின் உயிர்க் கணக்கில், 3 முதல் 8 வரை போகும். லெவல் 1 மந்திரவாதிக்கு மொத்தமே ஏழெட்டு ஹிட் பாயிண்ட். அதாவது பகடையை எப்படிப் பிடிப்பது என்றே இப்போதுதான் தெரிந்துகொண்ட ஒருவர், தன் முறை வருவதற்கு முன்பே தரையில் கிடக்கலாம். புத்தகத்தில் இரண்டு கோப்ளின் பாய்ந்து வரும், இரண்டு தள்ளி நின்று அம்பு விடும் என்று தெளிவாகவே இருக்கிறது. அதை விட்டுவிட்டு, நான்கையும் அம்பு விட்டு விட்டு ஒளிய வைத்து டிஎம் திறமை காட்டினால் அங்கேயே கதை முடிந்துவிடும். எல்லாரும் தோற்றாலும் கோப்ளின்கள் கொல்வதில்லை, மயங்கிக் கிடப்பவர்களைக் கொள்ளையடித்துவிட்டுப் போய்விடும் என்று புத்தகமே வழியும் வைத்திருக்கிறது. புது டிஎம்கள் அந்த வரியை மட்டுமாவது ஆட்டத்துக்கு முன்னால் ஒருமுறை படித்துவிடுங்கள்.

அந்தக் கோப்ளின்கள் வந்த தடத்தைப் பிடித்துப் போனால் அவற்றின் குகை. நான் திரும்பத் திரும்ப இந்தக் கதைக்கு வருவதே இந்தக் குகைக்காகத்தான். வாசலைத் தாண்டினால் ஓநாய்கள் சங்கிலியில் கட்டிக் கிடக்கும். எல்லாரும் முதலில் வாளைத்தான் உருவுவார்கள். ஆனால் யாராவது ஒருவர், பெரும்பாலும் அதுவரை வாயே திறக்காதவர், "என் பையில் சாப்பாடு இருக்கே, அதைப் போட்டால் அடங்குமா?" என்று கேட்பார். அடங்கும், அதற்குப் புத்தகத்தில் விதி உண்டு, தீனி போட்டால் உருட்ட வேண்டிய எண்ணும் குறையும். அந்த ஓநாய்க் கூண்டுக்குள்ளேயே மேலே ஏறுகிற ஒரு பிளவு, நேராகத் தலைவன் கிளார்க்கின் இடத்துக்குப் போகிறது. சண்டை போடாமல் யோசித்தவருக்குக் குறுக்குவழியே கிடைத்துவிட்டது. அந்த நிமிடத்திலிருந்து மேசையில் கேள்விகள் மாறிவிடும், "எதை உருட்டணும்?" போய் "இப்படிச் செய்யலாமா?" வரும். தொடக்கக் கதை ஒன்று நல்லதா இல்லையா என்று நான் பார்ப்பது இந்த ஒன்றை வைத்துத்தான்.

அதே குகையில் யீமிக் என்ற கோப்ளின், சில்டார் ஹால்விண்டர் என்ற கைதியைப் பாறை விளிம்பில் நிறுத்திக்கொண்டு பேரம் பேசுகிறான். கிளார்க்கைக் கொன்று தலையைக் கொண்டுவந்தால் இவரை விடுகிறேன் என்பான், வாக்கைக் காப்பாற்றும் எண்ணம் அவனுக்கு இல்லை. நான் நடத்திய மேசைகளில் அதிக நேரம் வாக்குவாதம் நடந்தது இங்கேதான். "அவனை நம்பி எப்படிப் போறது?" என்று ஒருவர், "நம்பாட்டி இவர் கீழே விழுந்து சாவார்" என்று இன்னொருவர். கிளார்க் ஒரு பக்பேர், கோப்ளினைவிடப் பெரிய பூதம், ஒரு அடிக்கே சராசரியாக 11 போகும், லெவல் 1 ஆட்களில் அநேகம் பேர் ஒரே அடியில் சாய்வார்கள். அதனால்தான் அந்தப் பேரத்துக்குக் கனம் இருக்கிறது. ஹிட் பாயிண்ட் குறைவாக இருக்கும்போதுதான் பேச்சுக்கு மதிப்பு, பத்தாவது லெவலில் இதே காட்சி வெறும் பேச்சாகப் போயிருக்கும்.

அப்புறம் ஃபேண்டலின். ரெட்பிராண்ட் ரவுடிகள் ஊரை மிரட்டிக்கொண்டிருக்கிறார்கள், ஊர்க்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயரும் ஒரு தேவையும் உண்டு. எண்பதுகளின் தொடக்கத்தில் இதே ஆட்டத்தின் பேசிக் பெட்டியில் வந்த தொடக்கக் கதையான தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸை எடுத்தால், கோட்டைக்குள் இருப்பவர் யாருக்கும் பெயரே கிடையாது, டிஎம்தான் வைக்க வேண்டும். பழகின கைக்கு அது சுதந்திரம், புதுக் கைக்குச் சுமை. பாத்ஃபைண்டர் என்ற இதே வகை ஆட்டத்தின் இரண்டாம் பதிப்புக்கான பிகினர் பாக்ஸ் வேறு மாதிரி, அறைக்கு அறை ஒவ்வொரு விதியாகச் சொல்லித்தருகிறது. விதி கற்க அதைவிடச் சுத்தமான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. ஆனால் அதன் முதல் பாதியில் ஆடுபவர் முடிவெடுக்க அதிகம் இல்லை, நல்ல ஆசிரியர் பின்னால் நடப்பது போலவே இருக்கும்.

ரெட்பிராண்ட்களின் ஒளிவிடத்தில் நாதிக் என்ற ஒற்றைக்கண் பிராணி இருக்கிறது. எதிரில் நிற்பவரின் ஒரு ரகசியத்தைத் தெரிந்துகொள்ளும் சக்தி அதற்கு. பகடையில் அது ஜெயித்தால் நான் அந்த ஆட்டக்காரரிடமே திரும்பி, "உங்கள் கேரக்டர் யாரிடமும் சொல்லாதது என்ன?" என்று கேட்பேன். தாளில் "எல்ஃப், மந்திரவாதி" என்பதற்கு மேல் எதுவுமே எழுதாத ஒரு பெண், கொஞ்ச நேரம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என் குரு சாகவில்லை, நான்தான் அவரை விட்டுவிட்டு ஓடி வந்தேன்" என்றார். அன்றைக்குத்தான் அந்தக் கேரக்டர் பிறந்தது. அதற்குப் பிறகு வந்த கதை முழுக்க அந்தக் குருவைச் சுற்றியே போனது.

தண்டர்ட்ரீ என்ற பாழடைந்த ஊரில் வெனம்ஃபாங் என்ற இளம் பச்சை டிராகன். நச்சு மூச்சு விட்டால் சராசரி 42 ஹிட் பாயிண்ட் போகும், லெவல் 3 ஆட்களால் தாங்க முடியாது. பாதி ஹிட் பாயிண்ட் போனால் அது பறந்துவிடும் என்பது ஒரு ஆறுதல். நான் அங்கே இருக்கும் டிரூயிட் (இயற்கை மந்திரவாதி) ரெய்டாத் வாயால் முன்கூட்டியே பயமுறுத்திவிடுவேன், அப்படியும் போவது அவர்கள் விருப்பம்.

கடைசிப் பகுதி சுமார்தான். தலைப்பில் வரும் தொலைந்த சுரங்கமான வேவ் எக்கோ குகையில் காத்திருக்கும் வில்லன் பிளாக் ஸ்பைடர் யார் என்பதே ஆட்டக்காரர்களுக்கு அதுவரை சரியாகத் தெரியாது, ஏதோ ஒரு பெயராக மட்டும் காதில் விழுந்திருக்கும். அதனால் ரெட்பிராண்ட் தலைவன் கிளாஸ்டாஃப் அறையிலேயே அவன் கையெழுத்தில் கடிதம் கிடைப்பதைப் பெரிதுபடுத்துங்கள், பிறகு வரும் ஒவ்வொரு இடத்திலும் அவன் ஆள் ஒருவரை முன்னாலேயே வந்துபோனவராக வையுங்கள். 2023-இல் இதே கதையை விரித்து லெவல் 12 வரை இழுத்து ஒரு பெரிய புத்தகமும் வந்திருக்கிறது. புது ஆட்களுக்கு அது வேண்டாம், பழைய 64 பக்கம் போதும்.