மைசன் கோட்டைக்குள் பீங்கான் செய்து காட்டுவார்கள் என்று சொல்லி டூர் விற்கிறார்கள், உஷார்!

ஜெர்மனியில் டிரெஸ்டன், அதன் பக்கத்து ஊரான மைசன் பக்கம் வருகிறவர்கள், அதிலும் ஊரிலிருந்து பெரியவர்களை அழைத்துக்கொண்டு வருகிறவர்கள், இதைக் கொஞ்சம் முழுசாகப் படித்துவிடுங்கள்.

"பீங்கான் பிறந்த கோட்டை. கைவினைஞர்கள் வேலை செய்வதை நேரில் காணலாம்." இதுதான் விளம்பரம். தலைக்கு 95 யூரோ, கார், டிக்கெட், வழிகாட்டி எல்லாம் சேர்த்து. நான், மனைவி, அத்தை, மச்சான் என நாலு பேருக்கும் முன்பணமாகவே கட்டினோம்.

கோட்டையைக் குறை சொல்ல மாட்டேன். எல்பே ஆற்றை ஒட்டிய பாறை மேல் 1471இல் கட்டத் தொடங்கிய ஆல்பிரெக்ட்ஸ்பர்க் அது. சண்டைக்கென்று இல்லாமல், ஆட்சி நடத்தவும் குடியிருக்கவும் எழுப்பிய மாளிகை. அந்தப் பெரிய சுருள் படிக்கட்டில் மூட்டுவலிக்கார அத்தையே யார் கையையும் பிடிக்காமல் ஏறினார். பீங்கான் சம்பந்தமும் பொய்யில்லை. தங்கம் செய்கிறேன் என்று சொல்லி அரசர் அகஸ்டஸிடம் மாட்டிக்கொண்ட பொட்கர் என்ற ரசவாதி, ட்ஷிர்ன்ஹவுஸ் என்ற அறிஞரோடு சேர்ந்து 1708இல் ஐரோப்பாவில் முதன்முதலாக அசல் பீங்கான் செய்யும் வித்தையைக் கண்டுபிடித்தார். அந்த ரகசியம் வெளியே போகக் கூடாது என்றுதான் 1710இல் தொழிற்சாலையை இந்தப் பாறை மேல் கொண்டுவந்து வைத்தார்கள்.

ஆனால் அந்தத் தொழிற்சாலை 1863இலேயே கீழே டிரீபிஷ் பள்ளத்தாக்குக்கு இடம் மாறிவிட்டது! செய்முறை காட்டுவதும் அங்கேதான், அதற்குத் தனி டிக்கெட். "வேலை செய்கிறவர்கள் எங்கே?" என்று மச்சான் கேட்டதற்கு, வழிகாட்டி சுவரில் இருந்த ஓவியத்தைக் காட்டினார். பொட்கர் உலைக்கூடத்தில் நிற்கிற ஓவியம். "இதுதான் உற்பத்தி" என்றார், சிரிக்காமல். கீழே கூட்டிப்போகச் சொன்னால், "இன்று மூடியிருக்கிறது" என்று பதில். அன்று திறந்துதான் இருந்தது என்று பிறகு தெரிந்தது.

அந்த நேரத்தில் எங்கே கொண்டுபோனார் தெரியுமா? ஒரு பழம்பொருள் கடைக்கு. (கோட்டைக்கும் தொழிற்சாலைக்கும் இந்தக் கடைக்கும் சம்பந்தமே கிடையாது.) அங்கே பூ வரைந்த ஒரு கோப்பையும் தட்டும், 480 யூரோ. அடியில் நீல நிறத்தில் குறுக்கே வைத்த இரண்டு வாள், அதாவது மைசன் முத்திரை. வாள்முனைகளுக்கு நடுவில் ஒரு புள்ளி. "புள்ளி இருக்கிறது பாருங்கள், 1763லிருந்து 1774க்குள் செய்தது, முதல் தரம்" என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். மச்சான் வாங்கிவிட்டார்.

பழைய பீங்கான் தெரிந்த ஒருவரிடம் டிரெஸ்டனில் காட்டினோம். கோப்பையைத் திருப்பியவர், விலையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். அந்தப் பழைய காலத்துப் புள்ளி வாள்களின் கைப்பிடிகளுக்கு நடுவில் இருக்குமாம். முனைகளுக்கு நடுவில் இருந்தால் 1924லிருந்து 1934க்குள் செய்தது. அதோடு விடவில்லை. நகத்தால் முத்திரையைத் தடவிப் பார்க்கச் சொன்னார். வாள்களுக்குக் குறுக்கே மெல்லிய வெட்டுகள் இடறின. தரத்தில் கழிந்ததையும், ஓவியம் தீட்டாமல் வெள்ளையாக விற்றதையும் அடையாளம் காட்டத் தொழிற்சாலையே போடும் கீறல் அது. கடையில் அதன் மேல் எதையோ பூசி மறைத்திருந்தார்கள். இரண்டாம் தரம் வாங்குவது ஒன்றும் கேவலமில்லை, ஆனால் அதற்கேற்ற விலைதானே கேட்க வேண்டும்!

பில்லில் என்ன எழுதியிருந்தது என்று அப்போதுதான் பார்த்தோம்: "பழைய கோப்பை, தட்டு." மைசன் என்ற பெயர் இல்லை, வருஷம் இல்லை, தரம் இல்லை. வாயால் சொன்ன எதுவும் தாளில் இல்லை. ஆகவே பழசு வாங்குகிறவர்கள் தொழிற்சாலைப் பெயர், காலம், தரம் மூன்றையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் கோப்பையை வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

டூரே வேண்டாம் என்பது என் கருத்து. டிரெஸ்டனிலிருந்து எஸ்1 ரயில் நேராகப் போகிறது. கோட்டைக்கு மைசன் ஆல்ட்ஸ்டாட்டில் இறங்குங்கள். தொழிற்சாலைக்குக் கடைசி நிறுத்தமான டிரீபிஷ்டால். இரண்டு இடத்திலும் டிக்கெட் நீங்களே வாங்கலாம்.

பணத்தைத் திரும்பக் கேட்டு எழுதினோம். "கோட்டையைப் பார்த்தீர்கள் அல்லவா" என்று பதில் வந்தது. கார்டு கம்பெனியில் புகார் கொடுத்திருக்கிறோம், முடிவு இன்னும் வரவில்லை. அதே விளம்பரம் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது, விலையை மட்டும் 105 ஆக்கியிருக்கிறார்கள்.