24 வருடம் கழித்து நார்னியா

எட்டாம் வகுப்பில் பள்ளி நூலகத்திலிருந்து எடுத்த, நார்னியா என்ற மாய நாட்டைப் பற்றி சி.எஸ். லூயிஸ் எழுதிய சிறுவர் கதைகள்தான் நான் ஆங்கிலத்தில் முழுதாகப் படித்த முதல் புத்தகங்கள். பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு ஏழு புத்தகங்களையும் முடித்தேன். போன கோடை விடுமுறையில், பத்து வயது மகளுக்கு வாசித்துக் காட்டலாம் என்று முழு செட்டையும் வாங்கினேன். ராத்திரிக்கு ஒரு அத்தியாயம்.

இப்போது வரும் செட்டுகளில், 1955இல் வெளிவந்த ‘தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ’வுக்கு முதல் எண் போட்டிருக்கிறார்கள். அதிலிருந்து தொடங்காதீர்கள். காட்டு நடுவில் தெருவிளக்கு எப்படி வந்தது என்பதை அது முன்கூட்டியே சொல்லிவிடும். நாங்கள் 1950இல் வந்த ‘தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்’ என்ற அலமாரிக் கதையில்தான் தொடங்கினோம். லூசி என்ற சிறுமி அலமாரிக்குள் தொங்கும் கோட்டுகளை விலக்கிக்கொண்டு போய் நார்னியாவின் பனியில் கால் வைக்கும் இடம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. மறுநாள் காலையில் மகள் எங்கள் இரும்பு பீரோவைத் திறந்து புடவைகளுக்குப் பின்னால் கைவிட்டுப் பார்த்தாள்.

அப்புறம் ‘தி ஹார்ஸ் அண்ட் ஹிஸ் பாய்’ வந்தது. சிறுவயதில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நார்னியாவுக்குத் தெற்கே காலர்மென் நாடு. அங்கே இருப்பவர்கள் கறுத்த முகம், தலைப்பாகை, வளைந்த வாள் கொண்டவர்கள். அந்த ஊர்த் தெருவில் குப்பை நாற்றத்தோடு பூண்டு, வெங்காய வாசனையும் வருவதாக எழுதியிருக்கிறது. கதையின் பையன் வெள்ளையாக இருப்பதாலேயே மீனவனின் சொந்த மகனாக இருக்க முடியாது என்று ஒரு பிரபு சொல்கிறான். வடக்கே இருக்கும் வெள்ளையர்கள் அழகானவர்கள் என்றும் அவனே சொல்கிறான். அந்த வரியை வாய்விட்டுப் படிக்க என்னால் முடியவில்லை. வேறு ஏதோ சொல்லித் தாண்டினேன். பக்கத்தில் விரல் வைத்துத் தொடர்ந்துகொண்டிருந்தவள், “அம்மா, இதுல அப்படி இல்லையே” என்றாள்.

கடைசிப் புத்தகமான ‘தி லாஸ்ட் பேட்டில்’ (1956) எனக்கு இன்னும் வலித்தது. காலர்மென் மக்கள் கும்பிடும் தாஷ் என்ற சாமிக்குக் கழுகு போன்ற தலை, நான்கு கைகள். அது போகும் இடமெல்லாம் பிண நாற்றம். நான்கு கைச் சாமிக்கு முன்னால் விளக்கேற்றிவிட்டு வந்துதான் 13 வயதில் நான் இதைப் படித்திருக்கிறேன். படித்துக்கொண்டே நார்னியாவின் பக்கம் நின்று கைதட்டியிருக்கிறேன். எமெத் என்ற நல்ல காலர்மென் வீரனை நார்னியாவின் தெய்வச் சிங்கமான அஸ்லான் ஏற்றுக்கொள்கிறது, ‘தி ஹார்ஸ் அண்ட் ஹிஸ் பாய்’ கதையில் வரும் காலர்மென் பெண் அராவிஸ் துணிச்சலானவள், எல்லாம் சரி. ஆனால் அவர்கள் விதிவிலக்குகள்.

லூசியின் அக்கா சூசனுக்கு நடப்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. லிப்ஸ்டிக், நைலான் காலுறை, விருந்து அழைப்பு, இவற்றில்தான் அவளுக்கு ஆசை என்று சொல்லி அவளை நார்னியாவுக்கு வெளியே விட்டுவிடுகிறார்கள். ரயில் விபத்தில் அப்பா, அம்மா, அண்ணன், தம்பி, தங்கை எல்லோரும் போய்விட, அவள் மட்டும் இங்கிலாந்தில் தனியாக மிஞ்சுகிறாள். அந்தப் பெண் அழுதாளா என்று கதை ஒரு வார்த்தை கேட்பதில்லை. சின்ன வயதில் நானும் கேட்கவில்லை.

ஏழாவது புத்தகத்தை நான் மட்டும் படித்துவிட்டுப் பீரோ மேல் வைத்திருக்கிறேன். மகளிடம் அதைப் பற்றிப் பேசிவிட்டுத்தான் கொடுப்பேன். இப்போதைக்கு அவள் திரும்பத் திரும்பக் கேட்பது ‘தி சில்வர் சேர்’. சூனியக்காரி சூரியனே கிடையாது என்று எல்லோரையும் மயக்கும்போது, பட்டில்க்ளம் என்ற சதுப்புநிலவாசி வெறுங்காலால் நெருப்பை மிதித்து அணைக்கும் அத்தியாயம். நேற்றும் அதைத்தான் படித்தோம்.